வண்டியை உயர்த்தலாமா? எக்செல்லிடம் கேட்போம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. "எக்செல் என்கிறார்களே, அது ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்குத்தானே? வீட்டில் எதற்கு?" சம்பளப் பட்டியலும் மார்க் ஷீட்டும் போடத்தான் எக்செல் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் எங்கள் மாமாவின் பிக்கப் வண்டி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அந்தக் கதையோடு சேர்த்தே இந்த மாதப் பாடத்தைப் படிப்போம்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் சேரும் இடம். மாமா கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டி பெட்டியாக வண்டியில் ஏற்றி வெளியூர் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். ஒரு நாள் விடியற்காலையில் சாளைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது பின் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துகொண்டது. இருபது பேர் தள்ளி வண்டி ரோட்டுக்கு வருவதற்குள் ஐஸ் கரைந்து, சந்தை நேரமும் போய்விட்டது.

"வண்டியை ஏத்திக் கட்டிரலாம்" என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருக்கிறார். இரண்டு வழி உண்டாம். ஒன்று பாடி லிஃப்ட், மற்றது சஸ்பென்ஷன் லிஃப்ட். மாமியின் வளையலை அடகு வைத்தாவது செய்துவிடுவது என்று மாமா முடிவு செய்துவிட்டார். நான் வேலை பார்க்கும் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்குப் போன சனிக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா? பாடியை ஏத்தினா நல்லதா, ஸ்பிரிங்கை ஏத்தினா நல்லதா? அதைச் சொல்லு."

எனக்கு ஜாவா தெரியும், வண்டி தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட எக்செல் இருக்கிறதே!

முதலில், இரண்டு லிஃப்டும் என்ன?

பிக்கப், ஜீப் போன்ற வண்டிகளில் அடியில் சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம் இருக்கும். அதன் மேல் கேபினும் சரக்குப் பெட்டியும் போல்ட் போட்டு உட்கார வைக்கப்பட்டிருக்கும். சேஸிஸுக்குக் கீழே கமான் பட்டைகள். அவற்றுக்குக் கீழே ஆக்ஸில், சக்கரங்கள்.

பாடி லிஃப்ட் என்றால் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகள் வைத்து, நீளமான போல்ட் போட்டு, பாடியை மட்டும் உயர்த்துவது. சேஸிஸ், எஞ்சின், கமான் பட்டை எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். செலவு குறைவு. ஆனால் ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், டீசல் ஊற்றும் குழாய், ரேடியேட்டர் இவற்றின் இணைப்புகளையெல்லாம் சரிபார்க்க வேண்டிவரும்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் கமான் பட்டையை மாற்றியோ, கூடுதல் பட்டை சேர்த்தோ, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்தோ சேஸிஸையும் சேர்த்து உயர்த்துவது. எஞ்சின், பாடி, சரக்கு எல்லாம் மேலே போகும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா, ஷாக் அப்சார்பர் எட்டுமா, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் தண்டின் சாய்வு அதிகமாகிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். செலவும் கூடுதல்.

இதோடு மூன்றாவது வழி ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். பெரிய டயர் போடுவது.

பாடம் 1: டயர் கணக்கு

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் இந்தப் பாடம் அப்படியே வேலை செய்யும்.

குறிப்பு: கட்டங்களின் பெயரை ஏ1, பி2 என்று இங்கே தமிழில் கொடுத்திருக்கிறேன். ஃபார்முலா தட்டும்போது ஆங்கில எழுத்துகளையே தட்டுங்கள். ஃபங்ஷன் பெயர்களும் அப்படித்தான்.

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். 15 என்பது உள்ளே இருக்கும் வளையத்தின் விட்டம், அங்குலத்தில்.

1. முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ1ல் அகலம், பி1ல் சதவீதம், சி1ல் வளையம், டி1ல் மொத்த உயரம்.
2. இரண்டாவது வரிசையில் 215, 75, 15 என்றும், மூன்றாவது வரிசையில் பெரிய டயருக்கு 235, 75, 15 என்றும் தட்டுங்கள்.
3. டி2 கட்டத்தில் கர்சரை வைத்து =சி2*25.4+2*ஏ2*பி2/100 என்று தட்டி என்டர் கொடுங்கள். 703.5 என்று விடை வரும்.
4. டி2ஐ மீண்டும் கிளிக் செய்யுங்கள். அதன் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுசால் பிடித்து டி3 வரை இழுத்து விடுங்கள். 733.5 என்று வரும்.

ஃபார்முலாவை நீங்கள் மறுபடி தட்டவில்லை. இழுத்ததும் 2 என்று இருந்த இடமெல்லாம் தானாகவே 3 ஆகிவிட்டது. எக்செல்லின் பாதி பலம் இதில்தான் இருக்கிறது.

இப்போது இ3 கட்டத்தில் =(டி3-டி2)/2 என்று கொடுங்கள். விடை 15. டயரின் உயரம் 30 மி.மீ. கூடினாலும் ஆக்ஸில் நடுவில் இருப்பதால் அது உயர்வது அதில் பாதிதான். "ஒரு அங்குலத்துக்கு மேல் பெரிய டயர்" என்று கடையில் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எஃப்3ல் =60*டி3/டி2 என்று கொடுத்துப் பாருங்கள். சுமார் 62.6 வரும். பெரிய டயர் மாட்டிய பிறகு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.6 வேகத்தில் போகும் என்று அர்த்தம்.

பாடம் 2: எடை எங்கே இருக்கிறது?

கீழே உள்ள பிளஸ் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி உயர்ந்தால் அதன் புவியீர்ப்பு மையமும் உயரும். ஒல்லியான உயர டம்ளரைத் தட்டினால் விழுந்துவிடும், அகலக் கிண்ணம் விழாது அல்லவா? அதே கதைதான். எந்த லிஃப்டில் இந்த மையம் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்போம்.

வண்டியை நான்கு பகுதியாகப் பிரித்தேன். வெறும் வண்டியின் எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். அதைப் பகுதிகளாகப் பிரித்தது என் மதிப்பீடு. உயரங்களை டேப் வைத்து அளந்து குத்துமதிப்பாக எடுத்தேன். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்புகள்: ஏ1 பகுதி, பி1 எடை (கிலோ), சி1 தரையிலிருந்து உயரம் (மி.மீ.), டி1 பாடி லிஃப்ட், இ1 சஸ்பென்ஷன் லிஃப்ட், எஃப்1 பெரிய டயர். கடைசி மூன்று பத்திகளில் அந்தப் பகுதி எத்தனை மி.மீ. உயரும் என்று எழுத வேண்டும். லிஃப்ட் இரண்டுக்கும் 50 மி.மீ., அதாவது சுமார் இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

| வரிசை | பகுதி | எடை | உயரம் | பாடி | சஸ்பென்ஷன் | டயர் |
|---|---|---|---|---|---|---|
| 2 | ஆக்ஸில், சக்கரங்கள் | 300 | 350 | 0 | 0 | 15 |
| 3 | சேஸிஸ், எஞ்சின் | 650 | 550 | 0 | 50 | 15 |
| 4 | கேபின், சரக்குப் பெட்டி | 550 | 900 | 50 | 50 | 15 |
| 5 | மீன், ஐஸ் | 1000 | 1100 | 50 | 50 | 15 |

ஏ6ல் "மொத்தம்" என்று எழுதி, பி6ல் =சம்(பி2:பி5) கொடுங்கள். 2500 வரும்.

அடுத்து ஏ7ல் "மையம்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியின் எடையையும் அதன் உயரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் மையத்தின் உயரம் கிடைக்கும். நான்கு பெருக்கலையும் தனித்தனியாகத் தட்ட வேண்டாம். சம்ப்ராடக்ட் என்ற ஃபங்ஷன் இரண்டு பத்திகளை வரிசை வரிசையாகப் பெருக்கிக் கூட்டித் தந்துவிடும். சி7ல் இப்படிக் கொடுங்கள்:

=சம்ப்ராடக்ட்($பி$2:$பி$5,சி2:சி5)/$பி$6

விடை 823. சரக்கோடு நிற்கும் வண்டியின் மையம் தரையிலிருந்து 823 மி.மீ. உயரத்தில் இருக்கிறது.

டாலர் குறி எதற்கு?

இதைப் புரிந்துகொண்டால் எக்செல்லில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஃபார்முலாவை வலது பக்கம் இழுத்தால் சி என்பது டி ஆகும், டி என்பது இ ஆகும். நமக்கு அது தேவைதான். ஆனால் எடை எப்போதும் பி பத்தியிலேயே இருக்கிறது. அது நகர்ந்துவிடக் கூடாது. முன்னால் டாலர் குறி போட்டால் அந்த முகவரி ஆணி அடித்தது போல அங்கேயே நிற்கும். முகவரியைத் தட்டியவுடன் எஃப்4 கீயை அழுத்தினால் டாலர் குறிகள் தாமாகவே விழும்.

இப்போது சி7ஐப் பிடித்து எஃப்7 வரை இழுங்கள். டி7ல் 31, இ7ல் 44, எஃப்7ல் 15 வரும். மூன்று வழிகளிலும் மையம் எத்தனை மி.மீ. உயர்கிறது என்பதே இந்த எண்கள். பாடி லிஃப்டில் எஞ்சினும் சேஸிஸும் கீழேயே இருப்பதால் 31. சஸ்பென்ஷன் லிஃப்டில் அவையும் மேலே போவதால் 44.

டிப்ஸ்: ஃபார்முலாவில் தவறு என்று செய்தி வந்தால் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள். சில கம்ப்யூட்டர்களின் செட்டிங்கில் அப்படி இருக்கும்.

பாடம் 3: கவிழுமா?

ஏ8ல் "புதிய மையம்" என்று எழுதுங்கள். சி8ல் =சி7, டி8ல் =$சி$7+டி7 என்று கொடுத்து, டி8ஐ எஃப்8 வரை இழுங்கள். 823, 854, 867, 838 என்று வரும்.

ஏ9ல் "நிலைப்பு எண்" என்று எழுதி, பி9ல் இடது, வலது சக்கரங்களின் நடுப்பகுதிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தட்டுங்கள். மாமாவின் வண்டிக்கு 1400 என்று எடுத்துக்கொண்டேன். சி9ல் =$பி$9/(2*சி8) கொடுத்து எஃப்9 வரை இழுங்கள்.

விடைகள்: இப்போது 0.85, பாடி லிஃப்ட் 0.82, சஸ்பென்ஷன் லிஃப்ட் 0.81, பெரிய டயர் 0.84.

இந்த எண் நானாகக் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2001ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து வண்டிகளின் கவிழும் அபாயத்தை மதிப்பிட இதே கணக்கைப் பயன்படுத்தத் தொடங்கியது. எண் பெரிதாக இருந்தால் வண்டி நிலையாக நிற்கும். சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை இருக்கும். ஜீப் வகைகளுக்கும் பிக்கப்புகளுக்கும் 1.0 முதல் 1.3 வரை. அது சரக்கு ஏற்றாத வண்டிக்கான கணக்கு. மாமாவின் வண்டியும் சரக்கில்லாதபோது 1.1க்குப் பக்கத்தில் வருகிறது. பி5ல் 0 போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ ஏற்றியதும் 0.85க்கு இறங்கிவிடுகிறது. அதிலிருந்து இன்னும் குறைப்பது என்றால், இருட்டில் வளைவில் திரும்பும்போது யோசிக்க வேண்டிய விஷயம்.

பாடம் 4: ஒரு சைபரின் கதை

இப்போதுதான் முக்கியமான வரிசை. மணலில் மாட்டியது வண்டியின் எந்தப் பகுதி? பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. வண்டியிலேயே மிகத் தாழ்வான இடம் அதுதான். மாமாவின் வண்டியில் அது தரையிலிருந்து 180 மி.மீ. உயரம்.

ஏ10ல் "தாழ்ந்த இடம்" என்று எழுதி, சி10ல் 180 போடுங்கள். டிஃபரன்ஷியல் ஆக்ஸிலோடு சேர்ந்தது. எனவே இரண்டாவது வரிசை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுதான் அதுவும் உயரும். டி10ல் =$சி$10+டி2 கொடுத்து எஃப்10 வரை இழுங்கள்.

180, 180, 195.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "பாடியை ஏத்தினாலும் நூத்தி எண்பது. ஸ்பிரிங்கை ஏத்தினாலும் நூத்தி எண்பது. அப்போ ரெண்டுக்கும் சைபரா?"

"சைபர்தான் மாமா."

டி2, இ2 கட்டங்களில் இருக்கும் அந்த இரண்டு சைபர்களில்தான் விடை முழுவதும் இருந்தது. கமான் பட்டையும் முழு ஆக்ஸிலும் உள்ள வண்டியில், எந்த லிஃப்ட் போட்டாலும் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். அதுவும் 15 மி.மீ. "இதுவா, அதுவா" என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தோம். நமக்கு என்ன தேவை என்ற வரிசையைச் சேர்த்த பிறகுதான் இரண்டுமே வேண்டாம் என்று தெரிந்தது.

அப்படியானால் லிஃப்ட் யாருக்குத்தான் பயன்படும்? பாறையும் மேடும் உள்ள பாதையில் சேஸிஸோ டேங்கோ இடிக்கிறது என்றால் சஸ்பென்ஷன் லிஃப்ட் உதவும். பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசுகிறது, அதற்கு இடம் மட்டும் வேண்டும் என்றால் பாடி லிஃப்ட் போதும். மணலில் ஆக்ஸில் புதைவதற்கு இரண்டும் மருந்து ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்டர்நெட்டில் தேடினால் அமெரிக்காவில் இந்த லிஃப்டுகளை அங்குல அளவில் கிட்டாக விற்பதைப் பார்க்கலாம். நம் நாட்டில் நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே 2019ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாமல் பாகங்கள் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் வண்டியில் கை வைக்க வேண்டாம். டயரும் உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுதானா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் தீர்வு

மணலில் வண்டி புதையாமல் இருக்க, தரையில் படும் டயரின் பரப்பு கூட வேண்டும். அதற்கும் ஒரு சின்னக் கணக்கு. சக்கரத்தின் மேல் உள்ள எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் பரப்பு ஏறக்குறைய வரும். பாதிச் சரக்கோடு ஒரு சக்கரத்தில் சராசரி 500 கிலோ என்று வைப்போம். ஒரு பி.எஸ்.ஐ. என்பது சதுர செ.மீ.க்கு 0.0703 கிலோ.

=500/(45*0.0703) என்று ஒரு கட்டத்திலும், =500/(25*0.0703) என்று பக்கத்துக் கட்டத்திலும் கொடுங்கள். முதலாவது 158, இரண்டாவது 284 சதுர செ.மீ. காற்றைக் குறைத்ததும் கால் பதியும் இடம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. ஒரு பைசா செலவில்லை!

ஆனால் கவனம். காற்று குறைந்த டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடித்துவிடும். மணலில் மெதுவாக, பாதிச் சரக்கோடு மட்டும் இப்படி ஓட்ட வேண்டும். ரோட்டுக்கு வந்ததும் காற்றை முழுதாக அடித்துவிட வேண்டும். மாமா வண்டியின் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு பலகையும் எப்போதும் வண்டியில் இருக்கும். மீதிப் பெட்டிகளைக் கெட்டித் தரைக்கு வந்த பிறகு ஏற்றிக்கொள்கிறார்.

இன்னொன்றும் செய்தார். ஷீட்டில் பி5ஐ 800 என்றும் சி5ஐ 1000 என்றும் மாற்றிப் பார்த்தோம். அதாவது மேலடுக்குப் பெட்டிகளை விட்டுவிடுவது. நிலைப்பு எண் 0.85லிருந்து 0.92 ஆனது. இப்போதெல்லாம் அவர் ஓர் அடுக்கு குறைவாகத்தான் ஏற்றுகிறார்.

நீங்கள் செய்து பாருங்கள்

1. உங்கள் பைக் அல்லது கார் டயரின் எண்ணைப் பார்த்து, பாடம் 1ன்படி அதன் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள்.
2. பாடம் 2ல் டாலர் குறி இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். டி7ல் என்ன வருகிறது, ஏன் என்று யோசியுங்கள்.
3. டி4, டி5 இரண்டிலும் 50க்குப் பதில் 75 போடுங்கள். ஏழாவது வரிசையிலிருந்து கீழே எந்தெந்த எண்கள் மாறுகின்றன, எது மாறவில்லை என்று கவனியுங்கள்.

முடித்ததும் கன்ட்ரோல் கீயோடு எஸ் கீயை அழுத்தி ஃபைலைச் சேமிக்க மறக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் வாங்குவதா, பழையதை ரிப்பேர் செய்வதா? இந்த வங்கிக் கடனா, அந்த வங்கிக் கடனா? இரண்டில் ஒன்று என்று யார் கேட்டாலும் இரண்டு பத்திகளோடு நிறுத்திவிடாதீர்கள். "எனக்கு என்ன தேவை?" என்று ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள்.

மாமியின் வளையல் இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது. அந்த ஃபைலுக்கு மாமா வைத்த பெயர் "சைபர்".